பாட்டிலிருந்து குரலை "மாயமாக்கிய" ரேடியோ மெக்கானிக்!

பாட்டு ஜோராகப் போய்க் கொண்டிருக்கிறது. பாடகர் ஒரு வரியை ஆரம்பிக்கிறார். இரண்டு வார்த்தைதான் பாடி இருப்பார். திடீரென்று ஆளைக் காணோம்!

கடைசியாக அவர் சொன்ன வார்த்தை மட்டும், கிணற்றுக்குள் கத்திய மாதிரி திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் தூரமாகப் போய்... அப்புறம் அதுவும் நின்று விடுகிறது. கிடாரும் போச்சு. மிச்சம் இருப்பது டிரம்மும், அடிவயிற்றைக் கலக்கும் பேஸ் கிடாரும்தான்.

"என்னய்யா இது, ரிக்கார்டு ரிப்பேரா?" என்று கேட்கத் தோன்றும்.

ரிப்பேர் இல்லை. ரிப்பேர்காரர் ஒருவர் வேண்டும் என்றே செய்த வேலை!

1970-களில் ஜமைக்கா நாட்டில் இந்த மாதிரி இசைத்தட்டுகள் சக்கைப்போடு போட்டன. "டப்" என்று இதற்குப் பெயர். இதில் கொடி கட்டிப் பறந்தவர் ஆஸ்போர்ன் ருடாக் என்பவர். "கிங் டப்பி" என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். அவர் பாடகர் அல்ல. வாத்தியம் வாசித்துப் பேர் வாங்கியவரும் அல்ல. ரேடியோவும் ஆம்ப்ளிபயரும் ரிப்பேர் செய்து பிழைத்தவர்.

அவர் கையில் இருந்த ஆயுதம் ஒரு செகண்ட் ஹேண்ட் மிக்ஸர். (கொறிக்கிற மிக்ஸர் அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் வரிசை வரிசையாகத் திருகுகள் இருக்குமே, அந்த மிக்ஸர்!)

தெருவில் கச்சேரி

ஜமைக்கா என்றதும் கிரிக்கெட் ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மைக்கேல் ஹோல்டிங், கோர்ட்னி வால்ஷ் ஆகியோரை வெஸ்ட் இண்டீஸ் அணிக்குக் கொடுத்த தீவு அது. 1962-ம் ஆண்டு சுதந்திரம் பெற்றது. தலைநகரம் கிங்ஸ்டன். டப்பி 1941-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி அங்கேதான் பிறந்தார்.

நம்ம ஊரில் கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா என்றால் மைக் செட் கட்டுகிறோம் அல்லவா? கிங்ஸ்டனில் மைக் செட்டே ஒரு திருவிழா. "சவுண்டு சிஸ்டம்" என்பார்கள். அலமாரி உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, தெருவிலோ மைதானத்திலோ ரிக்கார்டு போடுவார்கள். சனங்கள் விடிய விடிய ஆடுவார்கள். ஹோட்டலில் போய் ஆட காசில்லாத ஏழை பாழைகளுக்கு அதுதான் கச்சேரி.

ஒரு செட்டுக்கும் இன்னொரு செட்டுக்கும் பயங்கரப் போட்டி. யார் செட்டில் சத்தம் கணீர் என்று இருக்கிறது? யாரிடம் மற்றவனிடம் இல்லாத ரிக்கார்டு இருக்கிறது? இதுதான் கேள்வி.

ஆம்ப்ளிபயர் செய்து கொடுக்கிற டப்பிக்கு இதில் நல்ல கிராக்கி. பிறகு அவரே "ஹோம் டவுன் ஹை-பை" என்ற பெயரில் சொந்த செட் வைத்தார். மற்ற செட்டுகளில் இல்லாத எக்கோ இவர் செட்டில் இருந்தது. ரிக்கார்டு ஓடும்போதே மைக் பிடித்து அதன் மேல் பேசியும் பாடியும் அசத்த யூ-ராய் என்ற ஆள் இருந்தார். 1970-ல் யூ-ராய் தட்டுகள் ஜமைக்கா முழுக்க ஒலித்தன.

மறந்து போன குரல்

1960-களின் கடைசியில் ஒரு சம்பவம். "டிரஷர் ஐல்" என்ற ஸ்டுடியோவில், சவுண்டு சிஸ்டம் வைத்திருந்த ரடி ரெட்வுட் என்பவருக்காக "பாரகன்ஸ்" கோஷ்டியின் பாட்டை ஒரு தட்டில் வெட்டினார்கள். எஞ்சினீயர் குரல் இருக்கிற டிராக்கைச் சேர்க்க மறந்து விட்டார். வெறும் வாத்தியம் மட்டும் தட்டில் ஏறி விட்டது.

வேறு ஆளாக இருந்தால் தட்டைத் தூக்கி எறிந்திருப்பார். ரெட்வுட் அதைக் கொண்டு போய் ஆட்டத்தில் போட்டார். முதலில் பாட்டு, அடுத்து குரல் இல்லாத அதே பாட்டு. சனங்கள் என்ன செய்தார்கள்? விட்டுப்போன குரலை அவர்களே சேர்ந்து பாடினார்கள். மைதானமே அதிர்ந்தது!

அதிலிருந்து ஒரு வழக்கம் கிளம்பியது. இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டே. ஒரு பக்கம் பாட்டு. மறு பக்கம் குரல் நீக்கிய அதே பாட்டு. அதற்கு "வெர்ஷன்" என்று பெயர். தயாரிப்பாளருக்குக் கொள்ளை லாபம். மறு பக்கத்துக்கு வேறு பாட்டு எழுத வேண்டாம், வாத்தியக்காரர்களை இன்னொரு நாள் கூப்பிட வேண்டாம். வாசித்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு தடவை கூலி கொடுத்ததோடு சரி. அவர்கள் வாசித்த அதே தாளம் பத்துத் தட்டில் விற்றாலும் அவர்கள் பைக்கு வேறு காசு வராது. டப் இசையின் புகழைப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை.

டப்பியும் அந்த டிரஷர் ஐலில் தட்டு வெட்டும் வேலை பார்த்தவர்தான். ஒவ்வொரு டிராக்காக மூடித் திறந்து பார்க்கும் வித்தை அங்கேதான் கைக்கு வந்தது.

12 வரிசை மிக்ஸர்

1970-களின் தொடக்கத்தில் கிங்ஸ்டனில் உள்ள "டைனமிக்" ஸ்டுடியோ புது மெஷின்கள் வாங்கியது. பழைய மிக்ஸர் டப்பி கைக்கு வந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இருந்த எம்.சி.ஐ. கம்பெனி தயாரிப்பு. 12 வரிசை கொண்டது. அதையும் நாலு டிராக் டேப் மெஷினையும் வைத்து, வாட்டர்ஹவுஸ் பகுதி டிரோமிலி அவென்யூ 18-ம் எண் வீட்டில் ஸ்டுடியோ திறந்தார். அது அவர் தாயார் வீடு. பாடகர் நின்று பாட தனி அறை ஏது? குளியலறையையே பாடுகிற அறை ஆக்கி விட்டார்!

பெரிய கம்பெனி ஸ்டுடியோக்களில் 16 டிராக் வந்து விட்ட காலம் அது. இவரிடம் நாலுதான். ஒன்றில் டிரம், ஒன்றில் பேஸ், ஒன்றில் கிடாரும் கீபோர்டும், ஒன்றில் குரல் என்று பெரும்பாலும் பிரிந்து இருக்கும். வேறு ஸ்டுடியோவில் வாசித்துப் பதிவு செய்த டேப்பை தயாரிப்பாளர்கள் கொண்டு வந்து கொடுப்பார்கள். பன்னி லீ என்ற தயாரிப்பாளர் குவித்த டேப்புகள் ஏராளம். டேப்பை ஓட்டி, மிக்ஸர் முன்னால் டப்பி உட்காருவார். அவ்வளவுதான். ஒரே ஓட்டத்தில் புதுத் தட்டு தயார்!

எப்படி?

வாய்க்கால் மாதிரி

மிக்ஸரைப் பார்த்தால் பயமாக இருக்கும். இத்தனை திருகா என்று தலை சுற்றும். ஆனால் ஒரு வரிசை புரிந்தால் எல்லா வரிசையும் புரிந்த மாதிரி. ஒரே மாதிரி வரிசைகள்தான் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

வயலுக்குத் தண்ணீர் பாய்வதை நினைத்துக் கொள்ளுங்கள். டேப்பில் இருந்து வரும் குரல் ஒரு வாய்க்கால். அது வரிசையின் மேலே நுழைந்து, கீழே வந்து, கடைசியில் ஒரு மதகைத் தாண்டுகிறது. அந்த மதகுக்குப் பெயர் "பேடர்". மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் செத்துப் போகும். மதகைத் தாண்டியதும் எல்லா வாய்க்காலும் ஒன்று சேர்ந்து பெரிய ஆறாக ஓடுகிறது. அந்த ஆறுதான் நாம் கேட்கிற பாட்டு.

இதுவரைக்கும் எல்லா எஞ்சினீயரும் செய்கிற வேலை. விஷயம் இருப்பது கிளை வாய்க்காலில்!

ஒவ்வொரு வரிசையிலும் "சென்ட்" என்று ஒரு திருகு உண்டு. அதைத் திறந்தால், நேராகப் போகிற குரலுக்கு ஒரு குறையும் இல்லாமல், அதன் நகல் ஒன்று பக்கவாட்டில் பிரிந்து போகும். மிக்ஸரின் பின்பக்கத்து ஒயர் வழியாக எக்கோ மெஷினுக்குப் போகும். அங்கே எதிரொலி ஆகி, வேறொரு காலி வரிசை வழியாக மிக்ஸருக்கே திரும்பி வரும். நேர்க் குரல் ஒரு கைக்கு. எதிரொலி இன்னொரு கைக்கு. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கலக்கலாம்.

சாதாரண எஞ்சினீயர் இந்தத் திருகை பாட்டு முழுவதும் ஒரே இடத்தில் வைத்து விடுவார். குரல் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று. டப்பி அப்படி விடவில்லை. பாடகர் ஒரு வார்த்தையைச் சொல்லும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் திருகைப் படீரென்று திறப்பார். உடனே பேடரைக் கீழே இழுத்து விடுவார். நேர்க் குரல் அறுந்து போகும். ஆனால் எக்கோ மெஷினுக்குள் போன வார்த்தை போனதுதானே? அது சும்மா இருக்குமா? திரும்பத் திரும்ப வந்து கொண்டே இருக்கும். ஆள் போய்விட்டார், ஆவி மட்டும் சுற்றுகிறது!

இந்த சென்ட் வாய்க்கால் பேடருக்குப் பின்னால் பிரிந்தால்தான் இப்படி ஆகும். பேடருக்கு முன்னாலேயே பிரிகிற மாதிரி ஒயரிங் இருந்தால் கதை வேறு. பேடரை இழுத்து மூடிய பிறகும் நகல் போய்க் கொண்டே இருக்கும். அப்போது குரலே இல்லாமல், குரலின் எதிரொலி மட்டும் முழுப் பாட்டையும் பாடும். தூரத்து மலையில் நின்று யாரோ பாடுவது போல! எங்கே பிரிகிறது என்ற இந்த ஒரு விஷயத்தைத் தெரியாமல் மிக்ஸரில் கை வைத்தவர்கள் திண்டாடித்தான் போவார்கள்.

டேப்புக்குள் எதிரொலி

எக்கோ மெஷின் என்று தனியாகக் காசு போட்டு வாங்கத்தான் வேண்டுமா? ஒரு டேப் ரிக்கார்டரே போதும். பதிவு செய்யும் ஹெட்டும், அதைத் திருப்பிப் படிக்கும் ஹெட்டும் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும். முதல் ஹெட்டில் பதிவான வார்த்தை இரண்டாவது ஹெட்டுக்கு வந்து சேர சற்று நேரம் பிடிக்கும். அந்தத் தாமதம்தான் எதிரொலி.

கணக்கும் சுலபம். டேப் நொடிக்கு 7½ அங்குலம் ஓடுகிறது, இரண்டு ஹெட்டுக்கும் இடைவெளி 1½ அங்குலம் என்றால், நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழித்து எதிரொலி வரும். வேகத்தை 15 அங்குலம் ஆக்கினால் பத்தில் ஒரு பங்கு. பாட்டின் தாளத்துக்கு இந்தத் தாமதம் பொருந்தி விட்டால் எதிரொலியே ஒரு வாத்தியம் ஆகி விடும்.

எதிரொலி ஒரு தடவை வந்தால் போதாது, பல தடவை வர வேண்டுமா? திரும்பி வருகிற வரிசையின் சென்ட் திருகையும் கொஞ்சம் திறந்தால் தீர்ந்தது. எதிரொலி மறுபடி எக்கோ மெஷினுக்கே போகும், வரும், போகும். கொஞ்சம் திறந்தால் நாலைந்து தடவை ஒலித்து அடங்கும். அதிகம் திறந்தால் ஆபத்து! ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் பெருகி, மைக் செட்டில் "கூய்" என்று ஊளையிடுமே, அந்த மாதிரி ஊளை கிளம்பி விடும். அந்த ஊளை கிளம்புகிற விளிம்பு வரைக்கும் கொண்டு போய், கடைசி வினாடியில் திருகை மூடுவதில்தான் டப் கலைஞரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

இடி முழக்கம்

இன்னொன்று ஸ்பிரிங் வைத்த "ரிவெர்ப்" பெட்டி. உள்ளே நீளமான கம்பிச் சுருள் இருக்கும். ஒரு முனையில் ஒலி அதை ஆட்டும். அதிர்வு மறு முனைக்குப் போய், முட்டி மோதித் திரும்பும். பெரிய மண்டபத்தில் பாடியது போல் கேட்கும்.

இந்தப் பெட்டியை யாரும் அசைக்கக் கூடாது, தட்டக் கூடாது என்பது ஸ்டுடியோ சட்டம். தட்டினால் சுருள் ஒன்றோடொன்று அடித்துக் கொண்டு பயங்கர சத்தம் வரும். டப்பி என்ன செய்தார் தெரியுமா? வேண்டும் என்றே ஓங்கி ஒரு தட்டு! பாட்டுக்கு நடுவே இடி விழுந்தது. அந்த இடியைக் கேட்கவே ஆட்கள் காத்திருந்தார்கள்.

பெரிய திருகு

டப்பியின் மிக்ஸரில் மற்ற ஸ்டுடியோக்காரர்கள் பொறாமைப்பட்ட சமாச்சாரம் ஒன்று உண்டு. அது ஒரு பில்டர். ஆல்டெக் கம்பெனி தயாரிப்பு. பெரிய திருகு ஒன்று அதற்கு. படிப்படியாகத் திருப்பலாம். திருப்பத் திருப்ப, ஒலியில் அடித்தொனி உதிர்ந்து கொண்டே போகும். 70 சைக்கிளில் ஆரம்பித்து 7,500 சைக்கிள் வரை படிகள் இருந்தன. மேல் படிக்குப் போனால் டிரம்மில் கனம் எல்லாம் போய், தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி "ச்ச்ச்" என்ற சத்தம் மட்டும் மிஞ்சும்.

இது கிளை வாய்க்கால் சமாச்சாரம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். எக்கோவுக்கு நகல் போனால் போதும். பில்டருக்கு அது போதாது. அடித்தொனி அறுந்த நகல் ஒரு பக்கம் வர, அறுபடாத அசல் நேராகவும் போய்க் கொண்டிருந்தால் என்ன பிரயோசனம்? ஆகவே ஓடுகிற தண்ணீர் மொத்தத்தையும் வெளியே திருப்பி, பில்டர் வழியாகக் கொண்டு போய், மறுபடி அதே வாய்க்காலில் விட வேண்டும். ஒலிப்பதிவுக்காரர்கள் இதை "இன்சர்ட்" என்பார்கள். எதை சென்டில் போடுவது, எதை இன்சர்ட்டில் போடுவது என்பது இன்றைக்கும் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

பேஸ் இல்லாமல் கொஞ்ச நேரம் தவிக்க விட்டு, திருகைத் திருப்பி மொத்த பேஸையும் ஒரே அடியாக உள்ளே விட்டால்? ஸ்பீக்கர் பெட்டி முன்னால் நிற்கிறவன் நெஞ்சில் யாரோ குத்திய மாதிரி இருக்கும்!

இதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்துச் செய்த காரியம் அல்ல. டேப் ஓடும், கை விளையாடும். மறுபடி போட்டால் வேறு மாதிரி வரும். ஒரே பாட்டுக்கு ஒரு செட்காரருக்கு ஒரு விதம், இன்னொரு செட்காரருக்கு வேறு விதம் என்று வெட்டிக் கொடுக்கலாம். "என்னிடம் இருக்கிற தட்டு உன்னிடம் இல்லை" என்று மார் தட்ட அது போதாதா? மெழுகு மாதிரி மிருதுவான அந்தத் தட்டுகள் சில தடவை ஓட்டினாலே தேய்ந்து போகும். அன்று ஓடிய எத்தனையோ கைவண்ணம் அதோடு போயே போச்சு.

நிலைத்த தட்டுகளும் உண்டு. 1976-ம் ஆண்டு அகஸ்டஸ் பாப்லோவுடன் சேர்ந்து வந்த "கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்" என்ற நெடுந்தட்டை டப் ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். அட்டையில் எஞ்சினீயர் பெயரைப் பொடி எழுத்தில் போடுவதுதான் உலக வழக்கம். இங்கே பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஞ்சினீயர் பெயர்!

காயில் சுற்ற வந்த பையன்

டப்பி வீட்டில் ஸ்டுடியோ ஒரு பக்கம், ரிப்பேர் கடை ஒரு பக்கம். டிரான்ஸ்பார்மர் காயில் சுற்ற வந்த ஹோப்டன் பிரவுன் என்ற பையன் அப்படியே மிக்ஸர் பக்கம் நகர்ந்தான். "சயின்டிஸ்ட்" என்ற பட்டப்பெயரோடு 1981-ல் உலகம் முழுவதும் விற்ற டப் தட்டுகளை வெளியிட்டான். இன்னொரு சீடர் லாயிட் ஜேம்ஸ், "பிரின்ஸ் ஜாமி" என்று பேர் எடுத்தவர். அவரே 1985-ல் குருவின் காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார் என்று சொல்ல வேண்டும். காசியோ கம்பெனியின் சின்ன கீபோர்டில் இருந்த தாளத்தை வைத்து வெய்ன் ஸ்மித் பாடிய பாட்டு ஒன்றைத் தயாரித்தார். டிரம் அடிக்க ஆள் வேண்டாம், பேஸ் வாசிக்க ஆள் வேண்டாம் என்ற காலம் ஜமைக்காவில் அன்றோடு பிறந்து விட்டது.

டப்பி சோர்ந்து விடவில்லை. 1980-களில் அதே வாட்டர்ஹவுஸ் பகுதியில் பெரிதாகப் புது ஸ்டுடியோ கட்டினார். புதுப் பாடகர்கள் வரத் தொடங்கினார்கள்.

வாட்டர்ஹவுஸ் அப்போது சாதுவான இடம் அல்ல. அரசியல் கோஷ்டிகளின் துப்பாக்கிச் சண்டையால் "பயர்ஹவுஸ்" என்றே அதற்குப் பட்டப்பெயர். அந்தப் பெயரையே தன் இசைத்தட்டு லேபிள் ஒன்றுக்கு வைத்தார் டப்பி.

1989-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி ஸ்டுடியோ வேலையை முடித்து விட்டு வீடு திரும்பினார். வீட்டு வாசலில் மர்ம ஆசாமி சுட்டதில் உயிர் இழந்தார். அப்போது அவருக்கு வயது 48. கொள்ளை அடிக்க வந்தவன் சுட்டிருக்கலாம் என்று பேசிக் கொண்டார்கள். சுட்டவன் யார் என்பது கடைசி வரை துலங்கவில்லை.

தாயார் வீட்டு அறையில் இருந்த அந்த 12 வரிசை எம்.சி.ஐ. மிக்ஸர் கப்பல் ஏறி அமெரிக்காவுக்கே திரும்பி விட்டது. சியாட்டில் நகரத்து இசை மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது, பெரிய திருகோடு.